நாணலுக்கும் மண்புழுவுக்கும் அரை ஏக்கர் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய்க் கரையில் செப்டிக் டேங்க் கழிவைக் கொட்டிய லாரியை ஊர்மக்கள் மடக்கிப் பிடித்தார்கள் என்ற செய்தி நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து அடிக்கடி வருகிறது. லாரி காவல் நிலையத்துக்குப் போகிறது, அபராதம் போடுகிறார்கள், அத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த லாரி மறுநாள் எங்கே போய்க் கொட்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுவயல் பக்கத்தில் மண்புழு உரம் தயாரித்து விற்கிறவள். கானாடுகாத்தான் விடுதிகளின் தோட்டத்துக்கும், காரைக்குடி மாடித்தோட்டக்காரர்களுக்கும், ஊருக்கு வந்துபோகும் ஆச்சிமார் சிலருடைய பூச்செடிகளுக்கும் என் தொட்டியிலிருந்துதான் உரம் போகிறது. புழு எதைத் தின்னும், எதைக் கண்டால் தொட்டியை விட்டு ஓடும் என்பது தினமும் பார்த்துப் பழகிய விஷயம். அதனால்தான் மலக்கசடுக்கு ஒரு வழி இருக்கிறது என்று உறுதியாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்கு வரும் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் ஒருமுறை கோபமாகவே கேட்டேன், ஏன் தம்பி கண்மாயில் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று. "ராத்திரியில ஒளிஞ்சு ஒளிஞ்சு போக எனக்கு மட்டும் ஆசையா அக்கா? கொட்டுறதுக்குப் பக்கத்துல ஒரு இடம் காட்டுங்க, பகல்லயே போயிட்டு வந்துர்றேன்" என்றார். எனக்குப் பதில் இல்லை. தூரத்தில் இருக்கும் நிலையத்துக்குப் போய்வர ஆகும் டீசல் காசை, டேங்க் காலி செய்யக் கூப்பிடும் வீட்டுக்காரர்களிடம்தான் அவர் வாங்க வேண்டும், அவர்கள் தர மாட்டார்கள். உரிமம், அபராதம் எல்லாம் தேவைதான். ஆனால் பக்கத்தில் இடம் இல்லாதவரை அவை எதையும் தடுக்கப் போவதில்லை.

நம் ஊர்களைக் கட்டியவர்கள் தண்ணீரைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வரும், அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். ஊருணியில் கால் கழுவக்கூட விடமாட்டார்கள். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை வெளியூர்க்காரர்களும் சொல்வார்கள். அது நிலத்துக்கடியிலிருந்து வரும் தண்ணீர். நம் மண் செம்மண்ணும் செம்பொறையும். மேலே ஊற்றுவதை உள்ளே வாங்கிக்கொள்ளும் மண். தைலமரக் காட்டுக்குள் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு லாரிக் கழிவைத் திறந்துவிட்டால், அது போய்ச் சேரும் இடம் நம் கிணறும் போர்வெல்லும்தான்.

செப்டிக் டேங்க் இருந்தால் கழிவு சுத்தமாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலையைத்தான் செய்கிறது. கனமானது அடியில் தங்குகிறது, காற்றில்லாமல் கொஞ்சம் மட்கிக் கறுத்த கசடாகிறது. அதைத்தான் லாரி உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஐயாயிரம் லிட்டர் லாரி ஒன்றில் உலர்ந்த பொருளாக இருப்பது ஏறக்குறைய 100 கிலோதான், 100 லிட்டருக்கு 2 கிலோ என்று வையுங்கள். மீதியெல்லாம் தண்ணீர். ஆகவே வேலை இரண்டு. தண்ணீரை மெதுவாகப் பிரிக்க வேண்டும். மிஞ்சும் 100 கிலோவை யாருக்கும் நோய் தராத மட்காக்க வேண்டும். முதல் வேலைக்குச் செடி, இரண்டாவதற்குப் புழு.

செடிப்படுகை என்பது பெரிய ரகசியமில்லை. கசியாத தொட்டி ஒன்று கட்டி, அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் மணல். அடியில் வடிகுழாய், காற்று போக நிமிர்ந்த குழாய்கள். மணலில் நாணல் நடுகிறார்கள். லாரிக் கசடை ஒரு நேரத்தில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, சில நாள் விட்டு அடுத்த முறை பரப்புகிறார்கள். தண்ணீர் வடிந்து கீழே போகிறது, கசடு மேலே காய்கிறது. நாணல் கழிவை உறிஞ்சித் தின்றுவிடும் என்று சொல்வது சரியில்லை. அது எடுத்துக்கொள்ளும் சத்து கொஞ்சம்தான். அதன் பெரிய உதவி வேறு. காற்றில் தண்டு ஆட ஆட, கசடு இறுகாமல் தண்டைச் சுற்றி ஓட்டை விழுகிறது. வேர் வழியாகக் காற்று உள்ளே இறங்குகிறது. அந்தக் காற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மட்க வைக்கின்றன. நாணல் இல்லாத மணல்படுகையில் சில வாரத்திலேயே மேல்பகுதி அடைத்துக்கொள்ளும், சுரண்டியே ஆக வேண்டும்.

இந்தச் சுரண்டுவதைப் பற்றி நான் நிறையவே யோசித்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பாதி காய்ந்த மலக்கசடை மண்வெட்டியால் அள்ள வேண்டும் என்றால் அந்த மண்வெட்டியை யார் கையில் கொடுப்போம்? எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுவோம்? எல்லோருக்கும் விடை தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் கடமை. செடிப்படுகையில் கசடு அடுக்கடுக்காகச் சேர்ந்து சுருங்கிக்கொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காலி செய்ய வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் ஓய்வு விட்டபிறகு. அப்போது கையில் வருவது மண் மாதிரி இருக்கும், மலம் மாதிரி இருக்காது. டென்மார்க்கில் 1980-களின் கடைசியிலிருந்து இப்படி நாணல் படுகைகள் நடக்கின்றன. சில படுகைகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் காலி செய்கிறார்கள். நம் வெயிலுக்கு அதைவிட வேகமாகவே காயும்.

இதற்கு முன்னால் 1950-களிலேயே ஜெர்மனியில் கேத்தே சைடெல் என்ற அம்மையார் நீர்ச்செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தப்படுத்த முடியும் என்று ஆராய்ந்திருக்கிறார். சிலி நாட்டில் ஹோசே தோஹா என்ற பேராசிரியர் 1992-இல் மண்புழு வாழும் மரத்தூள் அடுக்கு வழியாகக் கழிவுநீரை வடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தூரத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லி மிரட்ட விரும்பவில்லை. பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தேவனஹள்ளியில் 2015-லிருந்து லாரிக் கசடுக்கென்றே நிலையம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் உலர்படுகைகள் இருக்கின்றன. நம் பேரூராட்சி உறுப்பினர்கள் ஒரு வேனில் கிளம்பினால் ஒரே நாளில் கருங்குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. வெப்ப நாடுகளில் ஒரு சதுர மீட்டர் படுகைக்கு ஆண்டுக்கு 100 முதல் 200 கிலோ உலர்பொருள் என்று கணக்கு வைக்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு லாரி, ஆண்டில் 300 நாள் என்றால் 30,000 கிலோ. அதற்கு 300 சதுர மீட்டர் படுகை, அதாவது ஏழரை சென்ட். ஓய்வில் விடும் படுகைகள், வடிநீரைச் சுத்தப்படுத்தும் ஜல்லி வாய்க்கால், சிறு குளம், புழுக் கொட்டகை, லாரி திரும்ப இடம் எல்லாம் சேர்த்தால் அரை ஏக்கர் தாராளம். கோடிக்கணக்கில் எந்திரம் வேண்டாம். பம்ப் ஓடாத நாளிலும் கசடு காயும்.

வடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை. படுகைக்கு அடியில் வருவது தெளிவாகத் தெரியும், ஆனால் சுத்தம் கிடையாது. அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் செய்த வேலையெல்லாம் வீண். கல்வாழை, சம்பு நட்ட ஜல்லித் தொட்டி வழியாக மெதுவாக நகரவிட்டு, பிறகு வெயில்படும் குளத்தில் நிறுத்தி, அதன்பின் மரங்களுக்குப் பாய்ச்ச வேண்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

இனிப் புழு. பச்சைக் கசடில் நேரே புழுவை விட்டால் ஒரே ராத்திரியில் செத்துவிடும். பச்சைச் சாணியில் விட்டாலே சூடு தாங்காமல் தொட்டி விளிம்பேறி ஓடுவதை உரம் போடுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கசடில் அம்மோனியாவும் உப்பும் சேர்ந்திருக்கும், காற்றும் இருக்காது. மண்புழு தோலால் மூச்சு விடும் ஜீவன், தோலில் படுவதெல்லாம் அதற்கு உள்ளே போகும். ஆகவே படுகையில் காய்ந்து ஓய்வெடுத்த கசடைத்தான் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு ஆறின சாணியும் வைக்கோலும் கலக்க வேண்டும். காற்று போக உமியும் சேர்க்கலாம். உமிக்குப் புதுவயலில் பஞ்சம் கிடையாது, சுற்றிலும் அரிசி ஆலைகள். சாணிக்குச் செட்டிநாடு கால்நடைப் பண்ணை இருக்கிறது. இரண்டும் பக்கத்திலேயே கிடைக்கும் ஊர் எத்தனை இருக்கும் சொல்லுங்கள்.

கலவை தயாரா என்று பார்க்க எந்திரம் தேவையில்லை. ஒரு தட்டில் கலவையை ஈரமாகப் பரப்பிக் கொஞ்சம் புழுவை விடுங்கள். மறுநாள் காலை உள்ளே இறங்கியிருந்தால் சரி. விளிம்பில் கூடி நின்றால் இன்னும் ஆறவில்லை. எந்தப் புழு என்றும் கேட்பார்கள். பலரும் ஐசீனியா ஃபெடிடா வைத்திருக்கிறார்கள், அதற்கு நம் சித்திரை வெயில் ஒத்துவராது, 35 டிகிரியைத் தாண்டினால் தவித்துப்போகும். ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் சூட்டைக் கொஞ்சம் பொறுக்கும். நம் நாட்டு மேல்மண் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் நன்றாக வேலை செய்யும். உள்ளூர்ப் புழுக்களை நம்பலாம் என்று சென்னையில் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார், அவருடைய ஆராய்ச்சியும் அதில்தான். எந்தப் புழுவானாலும் கீற்றுக் கொட்டகையும் ஈரச் சாக்கும் இல்லாமல் நம் ஊரில் கத்திரியைத் தாண்டாது.

செட்டிநாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளியூர்ப் பொறியாளர்கள் இதைக் கவனிக்காமல் போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம். இங்கே பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்டில் பல மாதம் பூட்டியே கிடக்கும். சாவி வைத்திருக்கும் ஓர் ஆள், ஒரு விளக்கு, அவ்வளவுதான். பிறகு ஒரு கல்யாணம், ஒரு மணிவிழா, ஒரு கோயில் படைப்பு என்றால் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவார்கள். அந்த வாரம் லாரிக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கசடு வந்து குவியும், ஆடியிலும் மார்கழியிலும் படுகை காய்ந்து கிடக்கும். நாணல் பட்டினியைப் பொறுக்கும், தாகத்தைப் பொறுக்காது. கழிவு வராத மாதங்களில் வடிநீரையே திருப்பி விட்டு ஈரம் காக்க ஏற்பாடு வேண்டும். முகூர்த்த மாதங்களில் வருவதை ஒரே படுகையில் கொட்டாமல் பிரித்துவிட, முன்னால் ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுகைக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். ஆண்டுச் சராசரியை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் முதல் தை மாதத்திலேயே படுகை மூழ்கிவிடும்.

இன்னொன்று, விடுதிச் சமையலறையும் கல்யாணச் சமையலும். அங்கிருந்து எண்ணெய் அப்படியே செப்டிக் டேங்குக்குப் போகிறது. எண்ணெய் மணலை அடைக்கும், புழுத் தோலையும் அடைக்கும். பாத்திரம் கழுவும் இடத்தில் எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வைக்கச் சொல்வது பேரூராட்சிக்குக் கஷ்டமான காரியமில்லை. கழிப்பறையில் ஆசிட்டையும் ஃபினாயிலையும் குடம் குடமாக ஊற்றுவதையும் வீட்டுக்காரர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் கேட்கப் போகும் பெரிய கேள்வி எனக்குத் தெரியும். "அந்த உரத்துல விளைஞ்சத நாங்க சாப்பிடணுமா?" நியாயமான கேள்வி. நாக்குப்பூச்சியின் முட்டை லேசில் சாகாது, மண்ணில் நெடுநாள் கிடக்கும். மண்புழுவின் குடலுக்குள் போய் வருவதால் கிருமி வெகுவாகக் குறைகிறது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்னபடி, 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நம் போன்ற ஊர்களில் ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், ஒரு கிராம் உலர் உரத்தில் நாக்குப்பூச்சி போன்ற குடற்புழுக்களின் முட்டை ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும். படுகையில் ஓய்வு, கொட்டகையில் புழு, பிறகு மூட்டையில் காத்திருப்பு என்று மூன்றையும் சேர்த்தே கணக்கு வையுங்கள். அதன்பிறகும் முதல் சில ஆண்டுகள் சாலையோர மரத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் மட்டுமே கொடுங்கள். என் தொட்டி உரத்தையும் அந்த உரத்தையும் ஒரே பெயரில் விற்பதை நானே எதிர்ப்பேன். வாங்குகிறவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று மூட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உலோகம் வேறு விஷயம். ஈயத்தையும் காட்மியத்தையும் புழுவால் அழிக்க முடியாது, தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மண்புழு உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை எல்லை வைத்திருக்கிறது: ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம். வீட்டுக் கழிவில் அது பொதுவாகக் குறைவாகவே இருக்கும். பட்டறைக் கழிவையும் சாயத் தண்ணீரையும் ஏற்றிவரும் லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பரிசோதனைக்கு மெட்ராஸுக்கோ மதுரைக்கோ அனுப்ப வேண்டியதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, செட்டிநாட்டில் வேளாண் கல்லூரியும் வந்துவிட்டது. இத்தனை ஆராய்ச்சிக்கூடங்களை ஒரே வட்டாரத்தில் வைத்துக்கொண்டு நாம் கண்மாயில் கொட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. பாதாளச் சாக்கடை போகும் தெருக்களுக்கு இந்தக் கடிதம் இல்லை. பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் போன்ற பேரூராட்சிகளுக்கும், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் குழாய் வரப் பல காலம் ஆகும், சில ஊர்களுக்கு வரத் தேவையும் இல்லை. இந்த ஊர்கள் சேர்ந்து ஒரு நிலையம் வைத்துக்கொள்ளலாம். குப்பையை உரமாக்கும் வளம் மீட்புப் பூங்காக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதை ஒட்டி அரை ஏக்கர் இருந்தால் வேலியும் காவலும் ஆளும் புதிதாகத் தேட வேண்டாம். இடம் ஊருணி, கண்மாய், குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து விலகியும், மழைத் தண்ணீர் ஓடிவரும் வழிக்கு வெளியேயும் இருக்கட்டும். கழிவு கொட்டும் இடம் என்பதால் ஏழைக் குடியிருப்பின் முதுகுப்புறமாகப் பார்த்து ஒதுக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். படுகை வேலைக்கு எடுப்பவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் குளிக்கத் தண்ணீரும் நிரந்தரச் சம்பளமும் வேண்டும். அந்த வேலையை ஒரே சாதியாரின் தலையில் கட்டாமல், சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் படித்த பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும். புழுக் கொட்டகைப் பயிற்சியை நான் கூலி வாங்காமல் தருகிறேன், முதல் தொட்டிக்கான புழுவையும் தருகிறேன்.

நாணல் நட்டவுடன் லாரியைத் திறந்துவிட முடியாது. வேர் பிடிக்கச் சில மாதம் ஆகும், அதுவரை நீர் கலந்த கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். முகூர்த்தங்கள் தொடங்கும் தைக்குள் படுகை தயாராக வேண்டுமென்றால் ஆடியிலேயே கரணை நட வேண்டும், அதற்கு முன்னால் ஜல்லியும் மணலும் போட்டிருக்க வேண்டும். ஆகவே இடத்தைத் தேர்வு செய்யும் கூட்டத்தை இந்தப் பங்குனிக்குள் நடத்துங்கள் என்று எங்கள் பகுதிப் பேரூராட்சித் தலைவர்களையும் மாவட்ட ஆட்சியர் அவர்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு லாரி ஓட்டுநர்களையும் கூப்பிடுங்கள். எந்தத் தெருவில் எந்த மாதம் எத்தனை டேங்க் நிரம்பும் என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மண்புழு உரம் தயாரிப்பவர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.